ஒன்பதடிக் குழியும் ஒரு தோட்டமும்

எங்கள் வீட்டு முற்றத்தில் எதுவும் முளைக்காது. இருபது வருடங்களாக இதை நான் ஒரு வாதமாக வைத்திருந்தேன். இந்த ஊரை விட்டுப் போய்விடலாம் என்று ஆரம்பிக்கும்போதெல்லாம் கடைசியில் கையை நீட்டிக் காட்டுவது அந்த வெறுந்தரையைத்தான். பார், ஒரு புல்லாவது எட்டிப் பார்க்கிறதா பார். புல்லுக்கே பிடிக்காத இடத்தில் நமக்கு என்ன வேலை?

போன வருடம் ஒரு சாயங்காலம் இதை எத்தனையாவது முறையாகவோ சொல்லி முடித்தேன். என் மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"முளைச்சா?"

"இன்னா முளைச்சா?"

"இங்க ஒரு தோட்டம் வந்துட்டா? அப்புறம் பெங்களூருன்னு வாயத் தொறக்காம இருப்பீங்களா?"

"தொறக்கமாட்டேன். வரலேன்னா?"

"வரலேன்னா நீங்க சொல்ற எடத்துக்குப் பொட்டியக் கட்டிகினு வரேன். ஒரு வார்த்தை பேசமாட்டேன்."

ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று அவள் சொன்னதற்குத்தான் எனக்குச் சிரிப்பு வந்தது. கையை நீட்டினேன். ஈரக்கையால் பிடித்துக் குலுக்கினாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு தொலைக்காட்சி பார்க்கப் போனேன். அவளோ கையைத் துடைத்துக்கொண்டு கைபேசியை எடுத்தாள். தோட்டம் போட்டுக் கொடுத்து, அதைப் பராமரிக்கவும் செய்கிற பெங்களூர்க் கம்பெனி ஒன்றின் எண் அதில் ஏற்கெனவே இருந்திருக்கிறது.

அந்தத் தரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தங்கச் சுரங்க ஊரான எங்கள் ஆண்டர்சன்பேட்டையில் கடைவீதி முடிந்து, வீடுகள் சற்றே தள்ளித் தள்ளி நிற்கத் தொடங்கும் இடத்தில் எங்கள் மனை. பள்ளமாகக் கிடந்த மனை. எங்களுக்கு முன்னால் அதை வைத்திருந்தவர் சைனைட் மேட்டின் அடியிலிருந்து வண்டி வண்டியாக மணலைக் கொண்டுவந்து கொட்டி மட்டம் செய்தார். கிட்டே கிடந்தது, கேட்க ஆளில்லை. மணல் என்கிறோம், மணலில்லை அது. பாறையை மாவாக அரைத்து, பொன்னை வழித்துக்கொண்டு, மீந்ததை மலை மலையாகக் குவித்தார்களே, அந்த மாவு. சாம்பலும் வெள்ளையும் கலந்த நிறம். ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் சத்தமில்லாமல் வாங்கிக்கொள்ளும். திரும்பிப் பார்த்தால் ஊற்றிய தடம்கூட இருக்காது. காற்றுக்காலத்தில் மேடே எழுந்து வரும். கொடியில் காயும் வேட்டியில் உட்காரும், இட்லி மாவில் உட்காரும், பேசிக்கொண்டிருக்கிறவர்களின் பற்களுக்கு நடுவே நறநறவென்று உட்காரும்.

அவளும் விடாமல் வைத்துப் பார்த்தாள். முருங்கைக் கொம்பு வைத்தாள், கொம்பாகவே நின்றது. எந்த வெயிலையும் தாங்கும் என்று காகிதப்பூ வைத்தாள், காகிதம் மட்டும் மிஞ்சியது. அரளி, மருதாணி, அவள் அண்ணன் தன் மளிகைக் கடை வாசலிலிருந்து பெயர்த்துக் கொடுத்த கற்றாழை. ஒவ்வொன்றும் போனபோது வேரோடு பிடுங்கிச் சுவரோரம் வைத்துவிட்டு உள்ளே வந்து வேலையைப் பார்ப்பாள். தொட்டியில் வைத்த துளசி ஒன்றுதான் அவள் பக்கம் நின்றது.

நான் ஓரிடத்தில் இருக்கத் தெரியாதவன். ஓடும் ரயிலில்தான் எனக்கு உட்கார வரும். விடிந்ததும் கோரமண்டல் ஸ்டேஷன், அப்புறம் பங்காருபேட்டை, அப்புறம் பெங்களூரில் ஒரு வங்கிக் கிளையின் மூன்றாவது மேசை. திரும்ப அதே தண்டவாளம். ஜன்னலில் ஓடுகிற ஊரெல்லாம் என் ஊராக ஆகியிருக்கலாமே என்று தோன்றும். குடிசைக் கூரைகள், ஏரிக்கரை, புதிதாக எழும்பும் பத்துமாடிகள், எதைப் பார்த்தாலும். ஞாயிற்றுக்கிழமைகளில் கே.ஆர்.புரத்தில் ஃபிளாட் பார்க்கப் போவேன். வாங்கத்தான் போனேன் என்று சொல்ல முடியாது. வேறொரு ஜன்னலில் நின்று பார்க்கப் போனேன். வழவழப்பான காகிதத்தில் அச்சடித்த ஃபிளாட் படங்கள் என் பையில் எப்போதும் இருக்கும்.

கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். கையில் டேப்லெட், காலில் வெள்ளை ஷூ. திரும்பிப் போகும்போது அது எங்கள் மண்ணின் நிறத்துக்கு வந்திருந்தது. முற்றத்தை நாலு பக்கமும் அளந்தாள். மூன்று இடங்களில் மண்ணைத் தோண்டி மூடிபோட்ட டப்பாக்களில் எடுத்துக்கொண்டாள். காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கேட்டாள். நான் மேட்டைக் காட்டினேன், ஒரு குற்றவாளியைக் காட்டுகிற திருப்தியோடு.

பத்து நாளில் வரைபடத்தோடு வந்தாள்.

"ஹானஸ்ட்டா சொல்லிடறேன் சார். இந்த மண்ணுல தண்ணியும் நிக்கல, சத்தும் நிக்கல."

நான் மனைவியைப் பார்த்தேன். கேட்டாயா?

"அதனால மேல ரெண்டரை அடி எடுத்துட்டு, செம்மண்ணும் தொழுவுரமும் கலந்து ரொப்பறோம். மேட்டுப் பக்கம் புங்கை ஒரு வரிசை, அதுக்குள்ள அரளி ஒரு வரிசை. தூசி அங்கேயே நின்னுடும். நடுவுல மேடத்துக்கு லான். தண்ணிதான் ப்ராப்ளம். மாடியில விழற மழைத்தண்ணிய ஒரு தொட்டியில புடிச்சு, அதுலேர்ந்து சொட்டுநீர். தொட்டி தரைக்கு அடியில போயிடும், வெளிய தெரியாது."

மனைவி என்னைப் பார்த்தாள். கேட்டீங்களா?

உண்மையைச் சொன்னால் அது நடக்கக்கூடாது என்றுதான் நான் விரும்பினேன். செம்மண் ஏற்றிய முதல் லாரி எங்கள் சந்து முனையில் சக்கரம் புதைந்து நின்றபோது நான் போய் உதவவில்லை. வாசலில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். கெட்ட எண்ணம் என்று சொல்ல முடியாது. மழை வரும்போலிருந்தால் குடையில்லாதவன் வானத்தைப் பார்ப்பான் பாருங்கள், அப்படித்தான்.

தொட்டிக்குக் குழி வெட்ட ஆரம்பித்தது ஒரு வெள்ளிக்கிழமை. முல்பாகல் பக்கத்து ஆட்கள் நாலு பேர், அவர்களுக்கு ஒரு மேஸ்திரி. அவர் பேச்சில் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் இடித்துக்கொண்டு வரும். மறுநாள் இரண்டாம் சனிக்கிழமை, வங்கி விடுமுறை. நான் வீட்டில். குழி ஐந்தடிக்கு இறங்கியிருந்தது. சுற்றிலும் சிவப்பும் வெள்ளையுமாக நாடா கட்டியிருந்தார்கள்.

அடியெல்லாம் பழைய சுரங்கம் ஓடும் எங்கள் ஊரில் ஒருவர் வீட்டு முற்றத்தில் குழியையும் சிவப்பையும் சேர்த்துப் பார்த்தால் யாரும் பூச்செடியை நினைக்கமாட்டார்கள். தரை உள்வாங்கிவிட்டது என்று முதலில் பால்காரர் நினைத்தார். பக்கத்துத் தெரு அம்மா, "அடியில ஓட்டை விழுந்துட்சாமே?" என்று கேட்டுக்கொண்டே வந்து, எதற்கும் இருக்கட்டும் என்று கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். வந்தவர்களில் பாதிப் பேர் ஒரு கல்லை எடுத்துக் குழியில் போட்டுக் காது கொடுத்தார்கள். ஐந்தடிக் குழி, உள்ளே நாலு பேர் நின்று மண் வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். அப்படியும் கல்லைப் போட்டார்கள். மேஸ்திரிக்குக் கோபம் வந்து நாடாவை இன்னும் இரண்டடி தள்ளிக் கட்டினார்.

பத்து மணிவாக்கில் எதிர்வீட்டு அண்ணன் டீ டம்ளரோடு வந்தார். சுரங்கத்தில் டிம்பர்மேனாக இருந்தவர். பூமிக்கடியில் பாறை வெட்டிக்கொண்டு போகும் வழியில், மேலும் பக்கமும் சரியாமல் மரத்தால் முட்டுக் கொடுப்பது அந்த வேலை. எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டார். இப்போது பென்ஷன், மூட்டுவலி, காலையில் தெருவை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அளப்பது.

"இன்னா தம்பி, பூச்செடி வெக்கறேன்னு சொல்லிட்டு மைன்ல மாதிரி ஷாப்ட் எறக்கறியா?"

"தண்ணிக் குழிண்ணா."

"எத்தினி அடி போறாங்க?"

"ஒம்பது."

அவர் சிரிப்பு நின்றது. குனிந்து, குழியின் விளிம்பை விரல்நுனியால் ஒரு தட்டுத் தட்டினார். ஒரு பிடி மணல் சர்ரென்று இறங்கியது. இறங்கி நின்ற பிறகும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே குனிந்து வெட்டுகிறவர்களின் முதுகுகளைப் பார்த்தார்.

"எந்த ஊரு ஆளுங்க?"

"முல்பாகல் பக்கம்ணா."

"ம்."

டீயை மிச்சம் வைத்துவிட்டுப் போனார். அவர் டீயை மிச்சம் வைத்து நான் பார்த்ததில்லை.

மதியம் ஆட்கள் சாப்பிடக் கடைவீதிக்குப் போனார்கள். நானும் சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் படுத்தேன். கண் செருகும் நேரத்தில் ஒரு சத்தம். டொக். நிதானமாக இன்னொன்று. டொக், டொக். மரத்தின் தலையில் மரம் விழுகிற சத்தம். அரைத்தூக்கத்தில் அது எனக்குள் எங்கேயோ இறங்கிக்கொண்டே போனது. எழுந்து வெளியே வந்தேன்.

எதிர்வீட்டு அண்ணன் குழிக்குள் நின்றார். அவரோடு ஷிப்ட் பார்த்த இரண்டு பேர், அவர் வயதுக்காரர்கள்தான், மேலே மண்டிபோட்டுக் கழி இறக்கிக்கொண்டிருந்தார்கள். மாடி அறை கட்டியபோது மிஞ்சிய தைலமரக் கழிகளும் சென்ட்ரிங் பலகைகளும் எங்கள் கொல்லையில் அடுக்கியிருந்தன. அவற்றைத் தூக்கிக்கொண்டு வந்து கொடுப்பது யார் என்று பார்த்தால் என் மனைவி. புடவையை இழுத்துச் செருகியிருந்தாள். நெற்றியில் மரத்தூள்.

குழியின் சுவர்களில் பலகை நிறுத்தி, பலகையைப் பிடிக்கக் கழி நிறுத்தி, இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடுவே குறுக்காக முட்டுக் கொடுத்து, முட்டின் நுனியில் ஆப்பு இறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு ஆப்பையும் அடித்தபிறகு அண்ணன் விரல் முட்டியால் கழியைத் தட்டிக் காதைச் சாய்ப்பார். திருப்தியில்லை என்றால் இன்னொரு அடி.

"அண்ணா, இன்னா இது? இது வீட்டுக் குழி. மைன் இல்ல."

"குழிக்குத் தெரியுமா தம்பி அது?"

மேலேயிருந்த ஒருவர் சிரித்தார். "குழியில நிக்கற இவனுக்கு வேர்க்கட்டும்னு விட்டுட்டு நீ தூங்கிகினு இருந்தியே, ஆபீசரு."

"நீயாச்சும் சொல்லக்கூடாதா?" என்று மனைவியிடம் திரும்பினேன்.

"சும்மா நிக்காதீங்க. அந்த ஆப்பை எடுத்துக் குடுங்க. இல்ல, அது இல்ல, சின்னது."

சின்னதை எடுத்துக் கொடுத்தேன்.

மூன்று மணிக்கு ஆட்கள் திரும்பி வந்தார்கள். மேஸ்திரி குழிக்குள் எட்டிப் பார்த்தார். வாயிலிருந்த வெற்றிலையை மெல்ல மறந்தார்.

"இதேனு சார் இது? யார் வேலை?"

முட்டுக் கொடுத்த பெரியவர்கள் மூவரும் முற்றத்தின் ஓரத்தில் பீடியோடு உட்கார்ந்திருந்தார்கள். சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை.

"யஜமான்ரே, வியாழக்கெழம தொட்டி வருது. ஒரே பீசு. கிரேன்ல எறக்கணும். நடுவுல இப்படிக் குறுக்க குறுக்க போட்டா எந்த வழியா எறங்கும்?"

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "தொட்டியா?"

"ஆமாண்ணா. பிளாஸ்டிக் தொட்டி."

"தண்ணிக் குழின்னுதானே சொன்னே? தண்ணி முட்டுக்கு நடுவுல நிக்கும்யா. தொட்டி எப்படி நிக்கும்? உன்னப் போயி கேட்டேன் பாரு."

தப்பு என்னுடையதுதான். அந்த வேலையில் மனமில்லாதவன் அரைவாக்கியத்தில் பதில் சொன்னதன் விளைவு. ஆனால் அதை யோசிப்பதற்குள் மேஸ்திரி குனிந்து ஒரு முட்டில் கைவைத்துவிட்டார். அண்ணன் பக்கத்தில் கிடந்த கழி ஒன்றை நீட்டித் தடுத்தார்.

"கைய எடு. அது புடிச்சிகினு கீது."

"நான் எத்தனை தொட்டி எறக்கியிருக்கேன் தெரியுமா?"

"எறக்கினே சரி. இந்த மண்ணுல எறக்கினியா? முட்டு வெக்காம ஆளுங்கள ஒம்பதடிக்கு அனுப்புவியா நீ? நீயே எறங்குவியா?"

மேஸ்திரிக்கு அவருடைய ஆட்கள் முன்னால் அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. பெங்களூருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து என்னிடம் நீட்டினார். அந்தப் பெண் பொறுமையாகத்தான் பேசினாள். சைட்டில் வெளியாட்கள் இறங்கினால் கம்பெனி பொறுப்பேற்க முடியாது. மரத்தை எடுக்கிறவரை வேலை நிற்கும். எடுத்ததும் ஒரு போன் செய்தால் போதும்.

அண்ணன் எடுக்கமாட்டேன் என்றார். மேஸ்திரி மண்வெட்டிகளை வண்டியில் ஏற்றினார். முற்றத்தில் செம்மண் குவியல் ஒன்று, முட்டுக் கொடுத்த குழி ஒன்று, காற்றில் படபடக்கும் நாடா. வயதானவர்கள் மூவரும் தெருவைக் கடந்து போனபோது முதுகில் ஒரு பெருமை இருந்தது, அதற்குள் கொஞ்சம் கவலையும்.

திங்கட்கிழமை ரயிலில் எனக்கு உற்சாகம். நான் எதையும் தடுக்கவில்லை, யாரையும் தூண்டவில்லை, தானாகவே நின்றுவிட்டது. கம்பெனியிலிருந்து அந்த வாரத்தில் மூன்று முறை போன் வந்தது. மேசை மேல் அது அதிர்ந்து அதிர்ந்து ஓய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்படியே கிடந்தால் தோட்டம் வராது. வராவிட்டால் பெட்டி கட்டுவதாகப் பேச்சு.

புதன்கிழமை நல்ல மழை. மறுநாள் இரவு ஏழு மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தேன். கூடத்து நாற்காலிகளைச் சுவரோரம் ஒதுக்கியிருந்தாள். தரையில் சாக்பீஸால் ஒரு நீள்சதுரம் போட்டிருந்தது. அதற்குள் அவள் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உள்ளே தூக்கி வந்த துளசித் தொட்டி. மடியில் என் பையிலிருந்த ஃபிளாட் படம், தையல் டேப், மூக்குக்கண்ணாடி.

"இன்னா பண்றே?"

"பால்கனி நாலடிக்கு ஆறடின்னு போட்டிருக்காங்க. போட்டுப் பாத்தேன்." தொட்டியைக் கொஞ்சம் தள்ளினாள். "துளசிய இங்க வெச்சா ஒரு நாற்காலிதான் புடிக்குது. பரவால்ல. நீங்க உக்காந்துக்கங்க. உங்களுக்குத்தான் வெளிய பாக்கணும். நான் உள்ள இருந்துக்கறேன்."

கிண்டல் இல்லை அதில். நான் தேடிப் பார்த்தேன், இல்லை. கைகுலுக்கிக் கொடுத்த வாக்குப்படி நடந்துகொண்டிருந்தாள், அவ்வளவுதான். வாய்க்கு வாய் பதில் சொல்கிறவள், எங்கள் கல்யாணத்தன்று புரோகிதரையே திருத்தியவள், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் நாலடி அகலத்துக்குள் முழங்காலை மடக்கி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அந்தக் கோட்டைத் தாண்டி உள்ளே போய் உட்காரப் பார்த்தேன். இடமில்லை. வெளியே உட்கார்ந்தேன். அவள் பால்கனியில், நான் அந்தரத்தில்.

மறுநாள் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, இரண்டு பஸ் மாறி அந்தக் கம்பெனிக்குப் போனேன். அந்தப் பெண் என்னைப் பார்த்து எழுந்து நின்றாள்.

"சார், மூணு தடவை கால் பண்ணேன். உங்களுக்கு இன்ட்ரெஸ்ட் இல்லேன்னு நாங்களே முடிவு பண்ணிட்டோம்."

"இருந்திச்சும்மா, இல்லாமதான் இருந்திச்சு," என்று ஏதோ உளறினேன். அப்புறம் நிதானித்துச் சொன்னேன். "நீங்க ஒரு தடவை வந்து குழியப் பாருங்க. பாத்துட்டு மரத்த எடுக்கச் சொன்னா நானே எறங்கி எடுக்கறேன். அவங்க தெரியாத ஆளுங்க இல்ல. தொட்டின்னு அவங்களுக்குச் சொல்லாதது நான்."

ஞாயிற்றுக்கிழமை வந்தாள், மேஸ்திரியோடு. எதிர்வீட்டு அண்ணன் தன் இரண்டு கூட்டாளிகளோடு ஏற்கெனவே எங்கள் கேட்டில் சாய்ந்து நின்றார். அவரை நான்தான் கூப்பிட்டிருந்தேன், கூப்பிடாவிட்டாலும் வந்திருப்பார்.

மேஸ்திரிதான் முதலில் குழியோரம் குந்தினார். மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கியிருந்தது. விளிம்பைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குத் தரை அமிழ்ந்து, அந்த மணலெல்லாம் சரிந்து வந்து பலகைக்குப் பின்னால் நெருக்கிக்கொண்டிருந்தது. நடுப்பலகை ஒன்று வயிறு தள்ளியிருந்தது. முட்டு அசையவில்லை. மேஸ்திரி கையை நீட்டி அந்த வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை. அவருடைய ஆட்கள் அந்த நேரத்துக்கு எவ்வளவு ஆழத்தில் நின்றிருப்பார்கள் என்று எங்கள் எல்லோருக்கும் கணக்குப் போடத் தெரிந்தது. யாரும் சத்தமாகப் போடவில்லை.

எழுந்து அண்ணனிடம் போனார். "யஜமான்ரே, டீ குடிக்கலாமா?"

"உங்க கம்பெனி காசா?"

"என் காசு."

"அப்ப பன்னும் சொல்லு."

அந்தப் பெண் மட்டும் சிரிக்காமல் டேப்லெட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். நடுவில் தொட்டி இறங்க வழி விட்டு மரத்தை மாற்றி அமைக்க முடியுமா என்று கேட்டாள். முடியும் என்றார் அண்ணன். ஆட்களை ஏற்றி இறக்குகிற கேஜ் போகும் சுரங்க ஷாப்டில் எப்படி வைப்பார்களோ அப்படி, நாலு சுவரையும் கட்டிப்பிடித்த மாதிரி சட்டம் போட்டால் நடுவே காலியாக நிற்கும். ஆனால் மேலிருந்து ஒவ்வொரு சட்டமாகப் போட்டுக்கொண்டே வரவேண்டும், போட்டபிறகுதான் பழைய முட்டைக் கழற்றவேண்டும், அவசரப்படுகிறவன் யாரும் கிட்டே வரக்கூடாது.

"சரி. ஆனா ஹெல்மெட் இல்லாம ஒருத்தரும் எறங்கக்கூடாது," என்றாள். "எங்க ரூல்."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பேசாமல் அவரவர் வீட்டுக்குப் போனார்கள். கால்மணி நேரத்தில் மூன்று தலைகளில் மூன்று ஹெல்மெட்டோடு வந்தார்கள். ஒன்றின் உள்பக்கம் ஈரமாக இருந்தது. அதுவரை அதில் கோழிக்குத் தண்ணீர் வைத்திருந்தார்களாம். அந்த வீட்டு அம்மா பின்னாலேயே வந்து, "கோழி அங்க வாயத் தொறந்துகினு கீது, இவரு ஷிப்டுக்குப் போறாரு," என்று தெருவெல்லாம் கேட்கச் சொல்லிவிட்டுப் போனார்.

முல்பாகல் ஆட்கள் வெட்ட, இவர்கள் கட்ட, ஒன்பதடி போக மூன்று நாள் ஆனது. நான்காம் நாள் பங்காருபேட்டையிலிருந்து கிரேன் வந்தது. நான் லீவு போட்டிருந்தேன். கிரேன்காரருக்குக் குழி தெரியாது, குழியோரம் நின்ற அண்ணனுக்குக் கத்தத் தொண்டை கிடையாது. ஒரு இரும்புத் தகட்டைக் கழியில் கட்டித் தொங்கவிட்டுச் சுத்தியை எடுத்துக்கொண்டார். ஒரு தட்டு, நில். இரண்டு தட்டு, இறக்கு. சுரங்கத்தில் கேஜுக்கு அடித்த மணியடிக் கணக்கு. மேஸ்திரி அதைக் கிரேன்காரருக்குத் தெலுங்கில் விளக்கினார். கறுப்புத் தொட்டி அந்தரத்தில் ஆடி நின்றது. டங், டங். அது இறங்கியது, ஆனை குளத்தில் இறங்குகிற மாதிரி, யோசித்து யோசித்து. டங். நின்றது. என் மனைவி என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் மூச்சு விடவில்லை என்பது தொட்டி அடிமண்ணில் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. எதற்காக விடவில்லை? அது இறங்கவேண்டும் என்று விரும்பினேன். வேறொன்றும் காரணமில்லை.

அதன்பிறகு எல்லாம் சீக்கிரம். மேல்மண் போய்ச் செம்மண் வந்தது. புங்கங்கன்றுகள் மூங்கில் குச்சியில் கட்டுப்பட்டு, பள்ளிக்கூடத்தின் முதல்நாள் வரிசைபோல நின்றன. புல் பாயாகச் சுருண்டு வந்து பாயாகவே விரிந்தது. கறுப்புக் குழாய்களில் சொட்டு விழ ஆரம்பித்தது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்து வெட்டி, கட்டி, உரம் வைத்துவிட்டுப் போனார்கள். புல்லில் நடுவே ஒரு தட்டளவுக்கு மஞ்சள் விழுந்தது. அந்த இடத்தைப் பெயர்த்து மறுபடி வைத்தார்கள். மூன்று புங்கை போயிற்று. மற்றவை இலை விட்டன. நந்தியாவட்டை ஒருநாள் காலையில், நான் செருப்பு மாட்டுகிற நேரத்தில், சொல்லாமல் கொள்ளாமல் பூத்திருந்தது. எனக்கு ரயில் தவறியது.

ஆனாலும் சும்மா இருக்க முடியவில்லை. ஒரு சாயங்காலம் வம்பிழுத்தேன்.

"இது கணக்குல வராது. செம்மண்ணு லாரியில வந்தது. நம்ம மண்ணுலயா முளைச்சுது?"

அவள் குழாயின் வாயைக் கட்டைவிரலால் பாதி மூடிக்கொண்டு அரளிக்கு அடித்துக்கொண்டிருந்தாள்.

"ஆர்க்காட்டுப் பக்கத்துலேர்ந்து உங்க தாத்தா இன்னாத்துல வந்தாரு?"

"ரயில்ல."

"எங்க தாத்தா மூட்டையோட மாட்டுவண்டியில. அவங்க முளைக்கலியா? லாரியில வந்ததுதான் இப்பக் கொறையா?"

ஆனால் ஜெயித்தேன் என்று அவள் சொல்லவில்லை. தோட்டம் வந்துவிட்டது, வாயைத் திறக்காதீர்கள் என்று சொல்லவில்லை. வாக்கை நான்தான் கொடுத்தேன், அதை முடித்துவைக்க வேண்டியதும் நான்தான் என்று விட்டுவிட்டிருந்தாள். ஃபிளாட் படம் அவள் வைத்த அலமாரியிலேயே இருந்தது. ஃபிளாட் விற்கிற கே.ஆர்.புரத்து ஆசாமி மாதம் ஒருமுறை போன் செய்துகொண்டுதான் இருந்தார்.

இலவசப் பராமரிப்பு மூன்று மாதத்தோடு முடிந்தது. அந்தப் பெண் புதிய ஒப்பந்தத்தாளோடு வந்தாள். புல்லின் ஓரத்தில் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்தாள். என் மனைவி மேட்டுப் பக்கம், புங்கை வரிசையில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு களை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"சார், எவ்வளவு நாளைக்குன்னு மட்டும் நீங்களே எழுதிடுங்க. ஆறு மாசம் போடலாம், ஒரு வருஷம் போடலாம், மூணு வருஷம் வரைக்கும் போடலாம்." குரலைத் தணித்தாள். "மேடம் முன்னாடியே சொன்னாங்க, நீங்க பெங்களூர் ஷிப்ட் ஆகலாம்னு. அப்படீன்னா ஆறு மாசமே போதும். வீட்டை வாங்கறவங்க பேருக்கு மாத்திக் குடுத்துடுவோம்."

களைக்கொட்டின் சத்தம் நின்றது. அவள் திரும்பவில்லை. கையில் பிடுங்கிய களை ஒன்று மண்ணோடு தொங்கியது. தெருவில் யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். இந்த மாதிரி ஒரு கோடிட்ட இடத்தில் என் கை எப்போதும் ஆறு மாதம் என்றுதான் எழுதும். வாடகை வீடானாலும் வாசகசாலைச் சந்தாவானாலும். பேனாவைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் எழுதினேன். கையெழுத்தும் போட்டேன்.

அவள் எழுந்து கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். கண்ணாடியில்லாமல் தாளைத் தூரமாகப் பிடித்துப் படித்தாள். இரண்டு முறை படித்தாள்.

"மூணு வருஷமா?"

"அதுக்கு மேல போட இவங்க கம்பெனியில வழியில்லியாம்."

தாளைத் திருப்பிக் கொடுத்தாள். அவள் கட்டைவிரல் பட்ட இடத்தில் செம்மண் ரேகை விழுந்திருந்தது. அந்தப் பெண் அதைத் துடைக்கப் போய், விட்டுவிட்டாள்.

"எந்தக் கெழமை ஆளுங்கள அனுப்பட்டும் சார்?"

"ரெண்டாவது, நாலாவது சனிக்கெழமை வரச் சொல்லுங்க. நானும் வீட்ல இருப்பேன்."

"அய்ய, அது வேணாம்மா," என்றாள் என் மனைவி அவசரமாக. "இவரு இருந்தா நின்னுகினு பேசிகினே இருப்பாரு, அவங்க வேலை ஆவாது. செவ்வாக்கெழமை அனுப்பு."